மூன்று கிலோமீற்றர் ஓட்டமும் உக்கிப்போகும் சைலன்சரும்

திருகோணமலை உவர்மலையில் ஒரு வீடு. காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க ஓர் ஓட்டம், பத்து மணிக்குச் சந்தைக்கு ஒன்று, பின்னேரம் ரியூசனுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோமீற்றருக்கு மேல் போகாது. இப்படி ஓடும் காரின் என்ஜின் புதிதுபோல இருக்கும், சீற்றுத் துணிகூடக் கசங்கியிருக்காது. ஆனால் சில வருடங்களிலேயே பின் சைலன்சரின் அடிப்பக்கம் கறள் கட்டி, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்துவிடும். அதே வகைக் கார் ஒன்று வாரம் இரண்டு முறை கொழும்புக்குப் போய்வந்து, மீற்றரில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியும், கொம்பனி பூட்டிய சைலன்சரோடேயே ஓடிக்கொண்டிருக்கும்.

திருகோணமலையில் இதற்குக் காரணம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் கடற்காற்றைத்தான் சொல்வார்கள். கடற்காற்றுக்கும் பங்கு உண்டு; அதற்குப் பிறகு வருவோம். ஆனால் உக்கிய சைலன்சர் ஒன்றை வெட்டிப் பார்த்தால், பெரும்பாலும் தகடு உள்பக்கமிருந்து தின்னப்பட்டிருக்கும். வெளியே பூச்சு நன்றாக இருக்க, உள்ளே பொருக்குப் பொருக்காகக் கறள் குவிந்து கிடக்கும். கடற்காற்று உள்ளே போய் இவ்வளவையும் செய்வதில்லை. செய்வது என்ஜின் தானே உண்டாக்கும் தண்ணீர்.

ஒரு லீற்றர் பெற்றோலும் ஒரு லீற்றர் தண்ணீரும்

பெற்றோல் காபனும் ஐதரசனும் சேர்ந்தது. ஒரு லீற்றர் ஏறத்தாழ 740 கிராம் நிறை. அதில் சுமார் 14 வீதம் ஐதரசன், அதாவது நூறு கிராமுக்குச் சற்று மேல். ஒரு கிராம் ஐதரசன் எரியும்போது 8 கிராம் ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு 9 கிராம் தண்ணீராகிறது. ஆகவே ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் 900 கிராமுக்கு மேல் தண்ணீர் புகைக்குழாய் வழியே போகிறது. நம் ஊரில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிய ஏறத்தாழ 11 கிலோ காற்று வேண்டும். 30 பாகை வெப்பத்தில் 75 வீத ஈரப்பதன் உள்ள காற்று ஒரு கிலோவுக்கு 20 கிராம் நீராவியைச் சுமந்திருக்கும். அது மட்டுமே இன்னும் 200 கிராம்.

குளிர்ந்த என்ஜினோடு நகருக்குள் 3 கிலோமீற்றர் ஓடினால் சிறிய காரும் 300 மில்லிலீற்றர் அளவு பெற்றோல் குடிக்கும். ஒரு பெரிய கிளாஸ் நிறையத் தண்ணீர் ஒவ்வோர் ஓட்டத்திலும் சைலன்சருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சூடான குழாயில் அது ஆவியாகவே வெளியேறிவிடும். சிக்கல், உலோகம் குளிர்ந்திருக்கும்போதுதான். பெற்றோல் புகையில் உள்ள நீராவி 50 முதல் 55 பாகை செல்சியசுக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பில் பட்டாலும் திரண்டு நீராகும். குளிர்ந்த தண்ணீர்ச் செம்பின் வெளியே முத்து முத்தாகப் பூப்பதைப் போன்றதே இதுவும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் வால்குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் இதுதான். அதைக் கண்டு பயப்பட ஒன்றுமில்லை. அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேற்றரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோய். என்ஜினின் தலைப்பகுதியில் தண்ணீர் கசியாமல் அடைக்கும் சிலிண்டர் ஹெட் காஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

புகைக்குழாய்த் தொகுதி முன்னிருந்து பின்னாகச் சூடேறுகிறது. என்ஜினோடு ஒட்டிய மனிஃபோல்ட் சில நொடிகளில் கொதிநிலையைத் தாண்டும். புகையின் நச்சு வாயுக்களைக் குறைக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் ஓரிரு நிமிடத்தில் வேலை தொடங்கும் 250, 300 பாகையைப் பிடித்துவிடும். நடுக்குழாய் அதற்குப் பின். கடைசியாக, என்ஜினிலிருந்து மூன்று மீற்றர் அளவு தள்ளித் தொங்கும் பின் சைலன்சர். அதுவோ தடுப்புத் தகடுகளும் துளைக்குழாய்களும் சில வேளை கண்ணாடிப் பஞ்சும் நிரம்பிய பெட்டி. சூட்டை மெல்லக் குடிக்கும், தண்ணீரை மூலைகளில் பிடித்து வைக்கும். அதன் சுவர் 55 பாகையைத் தாண்டினாலும் வேலை முடிவதில்லை. ஏற்கெனவே அடியில் தேங்கியது ஆவியாக வேண்டும். அதற்குத் தெருவில் நல்ல வேகத்தில் இருபது முப்பது நிமிடம் வேண்டும். உவர்மலையிலிருந்து சந்தைக்குப் போகும் கார் அதற்கு நெடுநேரம் முன்பே நிறுத்தப்பட்டுவிடும்.

‘நமது ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எப்படி?’ என்ற கேள்வி நியாயமானது. பனி நாட்டில் சுழியப் பாகையிலிருந்து ஏற வேண்டிய சூடு, இங்கே 28 பாகையிலிருந்துதான் தொடங்குகிறது. அந்த அளவில் நமக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் நிறுத்திய பிறகு நிலைமை மாறுகிறது. இரவில் இங்கே காற்றே ஈரமாக இருப்பதால் உள்ளே தேங்கியது காய வழியில்லை. வெப்ப நாட்டின் சாதகத்தைக் கடற்கரை ஈரப்பதன் பெருமளவு பறித்துவிடுகிறது.

கறள் கட்டுவது நிற்கும் நேரத்தில்

இரும்பு கறள் கட்டத் தண்ணீரும் ஒட்சிசனும் ஒருசேர வேண்டும். என்ஜின் ஓடும்போது சைலன்சருக்குள் தண்ணீர் தாராளம், ஒட்சிசன் மிகக் குறைவு. பெற்றோல் என்ஜின் உள்ளிழுத்த காற்றின் ஒட்சிசனை ஏறத்தாழ முழுதாக எரித்துவிடும். சாவியைத் திருப்பி நிறுத்தியதும் உள்ளே உள்ள சூடான வாயு ஆறிச் சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப வால்குழாய் வழியே வெளிக்காற்று உள்ளே வரும். இளஞ்சூடான தகடு, அதன் மேல் தண்ணீர், புதிய ஒட்சிசன்: கறளுக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. அடுத்த ஓட்டம் வரை, அது இரண்டு மணி நேரமோ இரண்டு நாளோ, அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். ஒரு நாளில் நான்கு தடவை இப்படி நனைந்து நிற்கும் சைலன்சர், ஒரே தடவை நீண்ட தூரம் ஓடிக் காய்ந்து நிற்கும் சைலன்சரைவிட விரைவில் சாவதில் வியப்பில்லை.

அந்தத் தண்ணீர் வெறும் தண்ணீருமல்ல. எரிபொருளில் உள்ள கந்தகம் சல்பூரிக் அமிலமாகவும், சிலிண்டரின் உயர் வெப்பத்தில் உண்டாகும் நைதரசன் ஒட்சைட்டுகள் நைத்திரிக் அமிலமாகவும், காபனீரொட்சைட்டு மெல்லிய காபோனிக் அமிலமாகவும் அதில் கரைகின்றன. கற்றலிற்றிக் கொன்வேர்ட்டர் சூடாகும் வரை நைதரசன் ஒட்சைட்டுகள் தடையின்றிப் பின்னால் போகும். ஆகவே குறுகிய ஓட்டத்தில்தான் அமிலமும் கூடுதல். உப்பளத்தில் கடல்நீர் வற்ற வற்ற உப்பு எஞ்சி நிற்பது போல, சைலன்சரின் அடியில் தண்ணீர் பாதி வற்றி அமிலம் செறிந்து நிற்கிறது. அடுத்த ஓட்டம் அதன் மேல் புதிதாக ஒரு படையை ஊற்றுகிறது. முழுதாகக் காயவும் விடாமல், கழுவிப் போகவும் விடாமல் வைத்திருப்பதுதான் இதில் மோசமான நிலை.

டீசல் வாகனத்தில் புகையோடு கூடுதல் காற்றும் கலந்து போவதால் நீராவி வீதம் குறைவு, தண்ணீர் திரள்வதும் குறைவு. ஆனால் சாதாரண ஓட்டோ டீசலில் கந்தகம் சுப்பர் டீசலைவிட அதிகம். திரளும் கொஞ்சத் தண்ணீரும் கடுமையாகக் கடிக்கும், கரிப்படிவு அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்வது

திருகோணமலையில் பல வீடுகளில் கார் இருக்கும், அதை ஓட்டுபவர் கனடாவிலோ லண்டனிலோ கட்டாரிலோ இருப்பார். வீட்டில் உள்ளவர்களிடம் ‘தினமும் ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஐந்து பத்து நிமிடம் விடுங்கோ’ என்று சொல்லிவிட்டுப் போவார். அக்கறையோடு சொல்வதுதான். சைலன்சரைப் பொறுத்தவரை, ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட இது கேடு.

நின்ற இடத்தில் ஓடும் சிறிய என்ஜின் மணிக்கு 600 முதல் 800 மில்லிலீற்றர் பெற்றோல் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு 100 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். அதே அளவு தண்ணீரும் வரும். சும்மா ஓடும் என்ஜினின் புகை கொஞ்சம், அதன் சூடும் கொஞ்சம். முன்குழாயைச் சூடாக்கவே அது போதும். பின் சைலன்சரை எட்டும்போது ஆறிவிடும். ஆக, ஒவ்வொரு காலையும் சைலன்சருக்குத் தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிறோம். கூடவே பற்றரி முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் என்ஜின் நிறுத்தப்படுகிறது. எரியாத பெற்றோல் சிலிண்டர்ச் சுவரால் வடிந்து ஒயிலில் கலக்கிறது. மூன்றும் நட்டம்.

வாரம் ஒருமுறை உண்மையாகவே ஓட்டுங்கள். நிலாவெளி வரை போய்வந்தால் முப்பது கிலோமீற்றர் அளவு வரும், அது போதும். கந்தளாய் ஒருவழியே ஏறத்தாழ 40 கிலோமீற்றர், இன்னும் நல்லது. நகர நெரிசலைத் தாண்டியபின் மணிக்கு 50, 60 கிலோமீற்றரில் நிற்காமல் இருபத்தைந்து நிமிடமாவது ஓட வேண்டும். திரும்பி வந்ததும் காரைக் கழுவப் போகாதீர்கள். கொதிக்கும் குழாயில் குளிர்நீர் பட்டால் வெல்டிங் ஓரங்கள் வெடிக்கலாம், கொன்வேர்ட்டரின் உள்ளே உள்ள செராமிக் கல்லும் பிளக்கக்கூடும்.

ஓட்ட ஆளே இல்லையென்றால், கடைசியாக ஒரு நீண்ட ஓட்டம் ஓடி, ஆறவிட்டு, வால்குழாயின் வாயை உலர்ந்த துணியால் அடைத்து, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இடையில் ஸ்டார்ட் செய்யாமலே மூன்று மாதம் வைக்கலாம். துணி அடைத்திருப்பதை ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டுங்கள். இது மறந்துபோகும் விடயம். காரை மணலிலோ புல்லிலோ நிறுத்தாமல் சீமெந்துத் தரையில் நிறுத்துவதும், காற்றுப் புகாத பிளாஸ்ரிக் படங்கால் நிலம் வரை மூடாமல் விடுவதும் இதோடு சேர்ந்தவை. முற்றம் சரிவாக இருந்தால் பின்பக்கம் தாழ்வாக இருக்கும்படி நிறுத்துங்கள்.

இன்னொரு கூட்டமும் இதே சிக்கலில் இருக்கிறது, பலருக்குத் தெரியாமலே. டொயோட்டா அக்வா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்கள். நகருக்குள் மெதுவாகப் போகும்போது என்ஜின் அடிக்கடி நின்று மோட்டாரில் ஓடும். எரிபொருள் மிச்சம்தான், ஆனால் சைலன்சருக்குச் சூடு விட்டுவிட்டுத்தான் வரும். ஆறு கிலோமீற்றர் ஓடிய ஹைபிரிட் காரின் பின் சைலன்சர், மூன்று கிலோமீற்றர் ஓடிய சாதாரணக் காரினதைப் போலவே நனைந்து நிற்கலாம். இந்தக் கார்களுக்கு வாராந்த நீண்ட ஓட்டம் இன்னும் கட்டாயம்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்து, 2023 செப்டெம்பரில் நீக்கப்படும் வரை, பலர் தூரப் பயணங்களைக் குறைத்துக் கடை கண்ணிக்கு மட்டும் காரை எடுத்தார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஆகவே இன்று தெருவில் இருப்பவற்றில் பெரும்பகுதி பழைய கார்கள். அவற்றின் சைலன்சர்களும் அந்தக் காலத்தைத் தாங்கி வந்தவை.

கடல் செய்யும் வேலை

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீட்டிய நிலம். ஒருபுறம் உட்துறைமுகம், மறுபுறம் டச்சுக்குடா, வடக்கே பின்குடா. வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில் அலைத்திவலை வீட்டுக் கண்ணாடியிலேயே படிவதைக் காணலாம். காரின் அடிப்பக்கத்தில் படிவது மட்டும் கண்ணில் படாது. கறியுப்பு காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டியதும் தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைட்டுக்கு 33 வீதமே போதும். அதனால் மழையே இல்லாத இரவிலும் உப்புப் படிந்த தகடு நனைந்தே இருக்கும். கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான்.

உப்பின் குளோரைட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட விடாது. கொம்பனிக் குழாய்களில் பெரும்பாலும் வருவது 409 வகை. குரோமியம் 11 வீதம் அளவு. மேற்பரப்பில் செம்மண் நிறம் பூசினாலும் அது ஓட்டை விழாமல் பல வருடம் நிற்கும். 304 வகையில் குரோமியம் 18, நிக்கல் 8 வீதம். விலை கூடினாலும் கடற்கரைக்கு அதுதான் உகந்தது. சில கார்களில் அலுமினியம் பூசிய உருக்கு. பூச்சு இருக்கும்வரை நல்லது, வெல்டிங் செய்த இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் அங்கிருந்தே கறள் தொடங்கும். உள்ளூரில் மடித்துச் செய்யும் மலிவுச் சைலன்சர் பெரும்பாலும் வெறும் இரும்புத் தகடு. குறுந்தூரம் ஓடுபவருக்கு அது பொருந்தவே பொருந்தாது. காந்தம் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 409 வகையிலும் காந்தம் ஒட்டும், இரும்பிலும் ஒட்டும். ஒட்டாவிட்டால் 304 ஆக இருக்கலாம் என்பதற்கு மேல் காந்தம் எதையும் சொல்லாது.

எந்தக் காரணத்தால் உக்கியது என்பதைக் கறளே காட்டிவிடும். பின் சைலன்சரின் அடித் தையல், முன் பின் மூடித்தகடுகளின் கீழ் ஓரம், பின் அச்சுக்கு மேலாக வளைந்து இறங்கும் குழாயின் தாழ்ந்த இடம் ஆகியவை ஊசித்துளையாக விட்டு, துளையிலிருந்து கபிலக் கோடு வடிந்திருந்தால் உள்ளிருந்து வந்தது. குறுகிய ஓட்டம்தான் குற்றவாளி. தொங்கவிடும் கொளுக்கிகள், போல்ட்டுகள், குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்சு ஓரங்கள், சூடு தடுக்கும் தகடு ஆகியவை மேற்பக்கமும் சேர்த்துச் செதில் செதிலாக உரிந்தால் அது கடல். நம் ஊரில் இரண்டும் சேர்ந்தே வருவது வழக்கம். எது முந்தியது என்று பார்த்தால் எதைத் திருத்துவது என்பது தெரியும்.

கடலுப்புக்கு மருந்து நன்னீர். கடற்கரைப் பக்கம் போய்வந்த பிறகும், வாடை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், ஆறிய காரின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் பல உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பை எடுத்து உப்பையே பூசியதாகும். பழைய என்ஜின் ஒயிலையோ தாரையோ அடிப்பக்கம் பூசுபவர்கள் புகைக்குழாயில் மட்டும் பட விடாதீர்கள். சூடானதும் புகையும், தீப்பற்றவும் கூடும். 600 பாகை தாங்கும் அலுமினியப் பெயின்ற், கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்த குழாயில் வெளிக்கறளைத் தடுக்கும். உள்ளே நடப்பதற்கு அது எந்த விதத்திலும் உதவாது.

பார்ப்பதும் திருத்துவதும்

ஆறுமாதத்துக்கு ஒருமுறை சேர்விஸுக்குக் காரை உயர்த்தும்போது பாருங்கள். வீட்டில் என்றால் ஜக்கை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள். ஸ்குரூட்ரைவரின் கைப்பிடியால் சைலன்சரின் அடியை மெல்லத் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உக்கியது மந்தமாகச் சத்தம் தரும். உள்ளே கலகலவென்றால் தடுப்புத் தகடு கழன்றுவிட்டது. பிறகு என்ஜினை ஓடவிட்டு, வால்குழாயை ஒருவர் தடித்த ஈரத்துணியால் ஓரிரு நொடி அடைக்க, மற்றவர் எங்கே ‘ஸ்ஸ்’ என்று கசிகிறது என்று கேட்கலாம்.

கசிவைச் சத்தம் என்று மட்டும் எண்ணித் தள்ளிவிடக்கூடாது. காருக்கு அடியில் கசியும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. தரைத்தகட்டின் கறள் ஓட்டைகள் வழியே உள்ளே வரும். ஏசி போட்டு நிறுத்திய காரில் தூங்குபவர்களைக் கொல்வது இதுதான். புகையில் எஞ்சும் ஒட்சிசனை அளந்து என்ஜின் கணினிக்குச் சொல்லும் ஒட்சிசன் சென்சருக்கு அருகில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, எரிபொருள் குறைவு என்று சென்சர் தவறாகச் சொல்லும், கணினி கூடுதல் பெற்றோலைக் கொடுக்கும், செலவு ஏறும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கான வருடாந்தப் புகைப் பரிசோதனையிலும் அளவு பிழைக்கும்.

ஒட்டு வெல்டிங் செய்வதானால் உக்கிய ஓரத்தைத் தாண்டி நல்ல தகடு வரும் வரை வெட்டச் சொல்லுங்கள். மெலிந்த ஓரத்தில் வைத்து ஒட்டினால் வெல்டிங் சூட்டிலேயே பக்கத்தில் புதிய ஓட்டை விழும். வேலைக்கு முன் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, வெல்டிங்கின் எர்த் கிளிப்பை ஒட்டும் இடத்துக்கு அருகிலேயே பிடிக்க வேண்டும். இல்லையேல் மின்னோட்டம் சென்சர்கள் வழியே போகலாம். அடித் தையல் முழுக்கப் போன சைலன்சரை ஒட்டிக்கொண்டிருப்பது பணத்தை வீணாக்குவது, மாற்றிவிடுங்கள். புதிய போல்ட்டுகளுக்குச் செப்புக் கிரீஸ் பூசினால் அடுத்த தடவை கழற்றும்போது முறியாது. ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் சைலன்சர் என்றால் அதன் அடியையும் தட்டிப் பாருங்கள். அங்கே பனி விழும் வடக்குப் பகுதிகளில் தெருவுக்கு உப்புத் தூவுவார்கள். கடலைக் காணாத குழாயும் உப்பில் ஊறியதாக இருக்கலாம்.

கடைசியாக, பல கராஜ்களில் பிழையாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்று. பல கொம்பனிச் சைலன்சர்களில் மிகத் தாழ்ந்த இடத்தில் இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவில் ஒரு சிறு துளை இருக்கும். தேங்கிய தண்ணீர் வடியவே அதை வைக்கிறார்கள். கரி அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அதிலிருந்து தண்ணீரோ கொஞ்சம் புகையோ வருவதைக் கண்டு, கசிவு என்று நினைத்து வெல்டிங்கால் மூடிவிடுபவர்கள் உண்டு. மூடினால் உள்ளே ஒரு சிறு குளமே நிற்கும். புதிய சைலன்சரில் அந்தத் துளை இல்லாவிட்டால், பூட்டி முடித்தபின் எந்த மூலை தாழ்ந்து நிற்கிறதோ அங்கே 3 மில்லிமீற்றர் டிரில் பிட்டால் ஒரு துளை போடச் சொல்லுங்கள்.